கரியும் இழையும் தந்த வலிமை

உட்லண்ட்ஸ் என்ற பெயரைச் சொன்னால் அடுக்குமாடி வீடுகளும், ஜோகூர் கடற்பாலத்தை நோக்கி ஊர்ந்து செல்லும் வாகன வரிசையுமே இன்று நேயர்களின் நினைவுக்கு வரும். ஆனால் அந்த மண்ணுக்கு வேறொரு நினைவும் உண்டு. 1970களில் வீடமைப்புக் கழகத்தின் கட்டடங்கள் எழத் தொடங்கும் முன்னர், அங்கும் அதை அடுத்த மண்டாய், செம்பவாங் பகுதிகளிலும் கம்பத்து வீடுகளுக்கு நடுவே ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நின்றன. 1903இல் சிங்கப்பூர் ரயில்பாதை உட்லண்ட்ஸ் கரையை எட்டியது. 1923இல் சரக்கு ரயில்கள் கடற்பாலத்தின் மீது ஓடத் தொடங்கின. 1924 ஜூன் 28ஆம் நாள் அது முறைப்படி திறக்கப்பட்டது. அக்கரைத் தோட்டங்களின் ரப்பர் இக்கரைத் துறைமுகத்துக்கு வருவதற்கு இதைவிட நேரான வழி வேறில்லை.

அந்தப் பாலத்தில் இன்று நிற்கும் ஒரு லாரியின் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். அது ஏன் கறுப்பாக இருக்கிறது? பால்மரத்தின் பால் வெண்மையானது. அதை அமிலம் விட்டு உறையவைத்து, உருட்டிப் புகைபோட்டால் தேன் நிறத்தில் தகடு கிடைக்கும். கறுப்பு எங்கிருந்து வந்தது? தோட்டப் பள்ளியில் பாடம் நடத்தும் நாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இக்கேள்வியைக் கேட்பதுண்டு. சாலைத் தூசி என்பார்கள், சாயம் என்பார்கள். இரண்டும் அன்று. அது கரி, வலிமைக்காகக் கலந்த கரி. அந்தக் கரித்தூளில் தொடங்கி, இன்று கார்பன் நுண்குழாய் என்று அறிஞர்கள் பேசும் கரிக்குழாய் வரையில் நடந்திருப்பது ஒரே வரலாறுதான். மெல்லிய ஒரு பொருளை வலிய பொருளால் தாங்கி நிறுத்தும் வரலாறு அது.

மரம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து எழுபதாயிரம் அளவில் ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அவற்றில் முளைத்தவை சில ஆயிரமே. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1888இல் தாவரத் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை 1890களில் வகுத்தார். காப்பி பயிரிட்டு வந்த துரைமார்கள் அவரைப் பித்துப்பிடித்த ரிட்லி என்று கேலி பேசினார்கள். அவரோ நூறு வயது கடந்து வாழ்ந்து 1956இல் மறைந்தார். இன்றைய ஈசூன் நகரின் பெயருக்கு உரியவரான லிம் நீ சூன் போன்றோர், 1911இல் உருவான புக்கிட் செம்பவாங் ரப்பர் நிறுவனம் போன்றவை என இத்தீவின் வடபகுதி முழுவதும் ரப்பர் பரவியது. காட்டை அழித்துக் கன்று நட்டு, விடியுமுன் மங்கும் கத்தியுமாக நிரைக்குள் நுழைந்தவர்களில் பெருந்தொகையினர் கங்காணிகள் அழைத்துவந்த தமிழர்கள் என்பதை நேயர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

இனி ரப்பரின் இயல்புக்கு வருவோம். ஒரு ரப்பர் வளையத்தை உதட்டருகே வைத்துச் சட்டென்று இழுத்துப் பாருங்கள். உதட்டில் இளஞ்சூடு தெரியும். கண்பார்வை இழந்த ஜான் கஃப் என்ற ஆங்கிலேயர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை எழுதிவைத்தார். காரணம் விளங்க நூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1920இல் ஹெர்மான் ஸ்டாடிங்கர் என்ற ஜெர்மானியர், ரப்பர் போன்ற பொருள்கள் ஆயிரக்கணக்கான சிறு கண்ணிகள் கோத்த நெடுஞ்சங்கிலிகள் என்றார். இத்தகைய பொருளையே பாலிமர் என்கிறோம். அவரைப் பலர் நம்பவில்லை. 1953இல்தான் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1925இல் காட்ஸ் என்ற அறிஞர், இழுத்த ரப்பரின் ஊடே எக்ஸ் கதிரைச் செலுத்திப் பார்த்தார். தளர்ந்து கிடக்கும்போது ஒழுங்கு இல்லை. இழுத்துப் பிடித்ததும் படிகத்துக்குரிய ஒழுங்கு தோன்றியது. சிக்கலாகக் கிடந்த சங்கிலிகள் இழுத்த திசையில் வரிசையாகப் படிந்துவிட்டன. சிக்கெடுத்து வாரிய கூந்தலையும் வாராத கூந்தலையும் நினைத்துக்கொண்டால் போதும். அறுபடப் போகும் இடத்தில் சங்கிலிகள் தாமே வரிசைகட்டி நின்று அறுபடாமல் தாங்குகின்றன. பால்மரத்து ரப்பரின் தனிப்பெருமை இதுதான். ஒரு பொருளுக்கு வலிமை தருவதில் அதன் சரக்கோடு அதன் வரிசையும் சேரும் என்பதை இயற்கையே இங்கே காட்டிவைத்திருக்கிறது.

என்றாலும் வெறும் ரப்பர் சாலையில் தேய்ந்துவிடும். 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்யர் கந்தகம் சேர்த்துச் சுட்டபோது அது வெயிலில் இளகாமலும் குளிரில் இறுகாமலும் நிலைபெற்றது. ஆயினும் தேய்மானம் நிற்கவில்லை. முற்காலச் சக்கரங்களில் துத்தநாக ஆக்சைடு கலந்தனர். அதனால் அவை வெள்ளையாக இருந்தன. 1904இல் லண்டனின் சில்வர்டவுன் பகுதியில் இருந்த ரப்பர் ஆலையில் மோட் என்பவர் நுண்ணிய கரித்தூளைக் கலந்து பார்த்தார். ரப்பரின் வலிமை ஏறியது. 1910க்குப் பின் அமெரிக்க ஆலைகள் இதைக் கைக்கொள்ள, உலகத்துச் சக்கரங்கள் எல்லாம் கறுத்தன. இன்று ஒரு சக்கரத்தின் எடையில் ஏறத்தாழக் கால் பங்கு இந்தக் கரியே.

இந்தச் சில்வர்டவுன் ஆலையின் முழுப்பெயர் இந்தியா ரப்பர், கட்டாபெர்ச்சா, தந்திப் பொருள் ஆலை என்பதாகும். கட்டாபெர்ச்சா நம் நிலத்துக் காட்டுமரத்தின் பால். 1843இல் சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் மாண்ட்கோமரி அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பிய பிறகுதான், கடலுக்கடியில் செல்லும் தந்திக் கம்பிகளுக்கு உறை கிடைத்தது. அக்காட்டுமரங்களைச் சீவவில்லை, அடியோடு வெட்டிச் சாய்த்தார்கள். சிங்கப்பூர் வழியாகக் கப்பலேறிய அந்தச் செல்வம் சில பத்தாண்டுகளில் அருகிப்போயிற்று. ரிட்லியின் கத்தி முறை எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை இதை வைத்தே அளக்கவேண்டும்.

ரப்பரில் கலக்கும் கரி என்பது, எண்ணெயையோ வாயுவையோ போதிய காற்றில்லாமல் எரித்துச் சேர்க்கும் புகைக்கரி. நம் பாட்டிமார் விளக்கெண்ணெய்ச் சுடரின்மேல் சட்டியைக் கவிழ்த்துக் கண்மைக்குக் கரி பிடித்தார்களே, அதே வழிதான். ஒரு கரித்துகளின் குறுக்களவு சில பத்து நானோமீட்டர். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு; மனித முடியின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். துகள்கள் திராட்சைக் குலைபோல் ஒட்டிக்கொண்டு, ரப்பர்ச் சங்கிலிகளைப் பற்றிக்கொள்கின்றன. ஆனால் குலைக்குத் திசை கிடையாது. எல்லாப் பக்கமும் ஒரே அளவு உதவும். எந்தப் பக்கமும் பேருதவி செய்யாது. திசை வேண்டுமானால் இழை வேண்டும்.

இழையின் கதையும் சக்கரத்திலேயே இருக்கிறது. தொடக்கத்தில் சக்கரத்தின் உள்ளே முரட்டுத்துணியை வைத்து ரப்பரைப் பூசினார்கள். துணியில் ஊடும் பாவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதால், சக்கரம் உருளும்போதெல்லாம் நூலை நூல் அறுத்தது, சூடேறி வெடித்தது. ஜான் பால்மர் என்ற அமெரிக்கர் 1890களில் நூல்களைப் பின்னாமல், பக்கம் பக்கமாக ஒரே திசையில் அடுக்கி, ஒவ்வொன்றையும் ரப்பரில் புதைத்தார். அடுத்த அடுக்கை வேறு திசையில் வைத்தார். நூலும் நூலும் உரசவில்லை; இடையே ரப்பர் இருந்தது. இம்முறையில் சக்கரம் செய்து பேர் வாங்கியதும் அதே சில்வர்டவுன் ஆலைதான். நம் மண்சுவரில் வைக்கோலைப் பிசைந்து சேர்ப்பது ஒரு வகை. நூலை வரிசையாக அடுக்கிப் பிசினில் புதைப்பது அதற்கு அடுத்த படி. இழைகள் மூன்று திசைகளிலும் தாறுமாறாகக் கிடந்தால், ஒரே திசையில் நிற்கும்போது தரும் விறைப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையே தரும் என்பது பொறியியல் கணக்கு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ரப்பரை வலுவாக்கும் அறிவெல்லாம் லண்டனிலும் அமெரிக்காவிலும் வளர்ந்தது. தோட்டத்திலிருந்து போனது தகடு மட்டுமே. தகட்டின் விலையோ காற்றில் ஆடும் விளக்கு. 1910இல் லண்டன் சந்தையில் ஓர் இறாத்தல் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. 1932இல் இரண்டு பென்சுக்குக் கீழே விழுந்தது. 1930 முதல் 1932 வரை மலாயாவிலிருந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சக்கரத்தில் கரி கலந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 1925இல் மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஆனால் அதன் அறிவு லயத்து வாசலுக்கு வர நெடுங்காலம் பிடித்தது. நம் பிள்ளைகளுக்கு நானோமீட்டரைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று கேட்பவர்களிடம் நாம் இந்த விலைப் பட்டியலைத்தான் காட்டுகிறோம்.

கரியையே இழையாக்கினால் என்ன என்ற எண்ணம் அடுத்து எழுந்தது. 1879இல் எடிசன் விளக்குக்காக நூலைக் கரியாக்கினார். ஆனால் அது ஒளிக்காக. 1958இல் அமெரிக்காவில் ராஜர் பேக்கன், எஃகைவிடப் பல மடங்கு இழுவிசை தாங்கும் நுண்ணிய கரி இழைகளைக் கண்டார். 1961இல் ஜப்பானின் ஷிண்டோ, செயற்கை நூலிலிருந்து கரி இழை செய்யும் வழியைக் காட்டினார். சில ஆண்டுகளில் பிரிட்டனின் ஃபார்ன்பரோ நிலையத்தார் அதை மேலும் வலுவாக்கினர். உடனே ரோல்ஸ்ராய்ஸ் நிறுவனம் தன் புதிய விமான இயந்திரத்தின் விசிறி இதழ்களைக் கரி இழையும் பிசினும் கொண்டு செய்தது. 1970இல் பறவை மோதினால் தாங்குமா என்று சோதித்தபோது இதழ்கள் சிதறின. டைட்டானியத்துக்குத் திரும்பினார்கள். அத்திட்டத்தின் செலவு ஏறியதற்கான பல காரணங்களோடு இதுவும் சேர, 1971இல் அந்நிறுவனம் திவாலாயிற்று. வரிசைக்கு ஒரு விலை உண்டு. வரிசையின் திசையில் இழுத்தால் இழை தாங்கும். குறுக்கே அடித்தால் வெறும் பிசின்தான் தாங்கவேண்டும்.

இனிக் கரிக்குழாய்க்கு வருவோம். கரியணுக்கள் அறுகோணமாக இணைந்த ஒரு படலத்தைப் பாய்போல் சுருட்டினால் வருவது அது. 1952இலேயே ரஷ்ய அறிஞர்கள் இருவர் இத்தகைய குழாய்களின் படங்களை வெளியிட்டனர்; ரஷ்ய மொழியில் இருந்ததால் உலகம் கவனிக்கவில்லை. 1976இல் ஓபர்லின், எண்டோ, கொயாமா ஆகியோரும் கண்டனர். 1991இல் ஜப்பானில் சுமியோ இஜிமா எழுதிய கட்டுரைக்குப் பிறகே ஆராய்ச்சி பெருகியது. ஒற்றைச் சுவர்க் குழாயின் குறுக்களவு ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். 1996இல் அளந்தபோது கரிக்குழாய்களின் விறைப்பு எஃகைப்போல் பல மடங்கு இருந்தது. 2000இல் தனித்தனிக் குழாய்களைப் பற்றி இழுத்துப் பார்த்தவர்கள், அவற்றின் வெளிச்சுவர் 11 முதல் 63 கிகாபாஸ்கல் வரை தாங்கக் கண்டனர்; நல்ல எஃகுக் கம்பி ஓரிரண்டு கிகாபாஸ்கலே தாங்கும். எடையோ எஃகில் ஐந்தில், ஆறில் ஒரு பங்கு.

இத்தகைய இழையைப் பாலிமரில் வரிசையாகப் புதைத்தால்? அந்தக் கேள்விக்கு முதல் விடைகளில் ஒன்றைத் தந்தவர் நம் பக்கத்து ஊர்க்காரர் எனலாம். புலிக்கல் அஜயன் 1962இல் கேரளத்தின் கொடுங்கல்லூரில் பிறந்தவர். சேரரின் முசிறித் துறை அப்பக்கம் இருந்ததென்பர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் பயின்று, அமெரிக்கா சென்று, பின் ஜப்பானில் இஜிமா பணியாற்றிய அதே நிறுவனத்தில் 1992இல் எப்சன் என்பவரோடு சேர்ந்து கரிக்குழாய்களை மிகுதியாகச் செய்யும் வழியைக் கண்டார். 1994இல் பிரான்சில் ஓர்சே நகரில் இருந்தபோது, அவரும் உடனுழைத்தோரும் குழாய்களை எப்பாக்சிப் பிசினில் கலந்து இறுகவைத்து, கூரிய கத்தியால் மிக மெல்லிய சீவல்களாகச் சீவினார்கள். சீவலுக்குள் பார்த்தால், தாறுமாறாகக் கிடந்த குழாய்கள் கத்தி சென்ற திசையில் வரிசையாகப் படிந்திருந்தன! சீவுகிற விசையே சீப்பாயிற்று. பால்வெட்டுக் கத்தியோடு வளர்ந்த சமூகத்துக்கு இச்செய்தி தனி இனிப்பு என்றால் நேயர்கள் சிரிக்கக்கூடும்.

பிறகு வழிகள் பெருகின. 1998இல் வட கரோலினாவில் பிசின் பட்டையைச் சூடாக்கி இழுத்தே குழாய்களை வரிசைப்படுத்தினர். ரப்பர் வளையத்தை இழுத்த அதே தந்திரம். 2002இல் ஜப்பானியர் வலிய காந்தப்புலத்தால் வரிசைப்படுத்தினர். சீனர் தட்டின்மேல் நாற்றங்கால்போல் குழாய்களை நெருக்கமாக வளர்த்து, அதே ஆண்டில் அந்நாற்றின் ஓரத்திலிருந்து பட்டுநூல் இழுப்பதுபோல் நூல் இழுத்தனர். 2003இல் டெக்சாசில், மிக மெல்லிய கரிக்குழாய்களைப் பாலிமரோடு சேர்த்து நூற்ற இழை, சிலந்தி நூலைவிட மிகுதியான ஆற்றலை உடையாமல் உள்வாங்கியது. மின்விசையால் பாலிமரை நுண்ணிழையாக இழுக்கும் முறையைப் பற்றிச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தார் 2003இல் எழுதிய திறனாய்வுக் கட்டுரை உலகெங்கும் எடுத்தாளப்பட்டது. அம்முறையில் சுழலும் உருளைமேல் இழையைப் பிடித்தால், அது தானே வரிசையாகப் படியும்.

இத்தனைக்கும் பிறகு, உட்லண்ட்ஸ் பாலத்து லாரியின் சக்கரத்தில் இன்னும் பெரும்பாலும் பழைய புகைக்கரியே இருப்பது ஏன்? குழாய்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கற்றையாகிவிடுகின்றன, பிரிப்பது கடினம். மேற்பரப்பு வழவழப்பானது, பிசினுக்குள்ளிருந்து உருவினால் உறையிலிருந்து வாள் வருவதுபோல் வந்துவிடும். பற்றிக்கொள்ளும்படி அதன் தோலில் வேதிப்பொருளை ஒட்டினால், அந்தத் தோலே சற்றுப் புண்படுகிறது. 2000இல் கென்டக்கியில் பாலிஸ்டைரீனில் நூற்றுக்கு ஒரு பங்கு குழாயைக் கலந்தபோது விறைப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு உயர்ந்தது. முறிவு வலிமை 25 விழுக்காடு. ஒரு பங்குச் சரக்குக்கு இது பெரிதுதான். ஆனால் தனிக்குழாயின் வலிமையோடு வைத்துப் பார்த்தால், கடலைக் கண்டு கமண்டலத்தில் முகந்த கதை. நமக்குப் பிடித்த பயன் வேறொன்று: கரி இழை அடுக்குகளுக்கு நடுவே கரிக்குழாய்களைச் செங்குத்தாக நிறுத்தி, அடுக்கோடு அடுக்கைத் தைக்கும் முறை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2008இல் இதை வெளியிட்டனர். 1970இல் விசிறி இதழ் சிதறியதன் பின்னே இருந்த பலவீனம், அதாவது அடுக்குக்கு அடுக்கு பிடிப்பில்லாமை, இங்கே மருந்தைச் சந்திக்கிறது.

பெருமை பேசும் கூட்டங்களில் சிலர், நானோ நுட்பம் நம் முன்னோருக்குத் தெரியும் என்கிறார்கள். 2006இல் டிரெஸ்டனில் பாஃப்லர் குழுவினர், தென்னிந்திய உருக்கோடு தொடர்புடைய டமாஸ்கஸ் வாள் ஒன்றில் கரிக்குழாய்களைக் கண்டதாக எழுதினர். 2020இல் கீழடிப் பானை ஓட்டின் கறுப்புப் பூச்சிலும் அவை இருப்பதாகக் கட்டுரை வந்தது. இரண்டும் ஆய்வாளர் எழுதியவையே. வகுப்பில் நாமும் சொல்கிறோம். ஆனால் சூளையின் புகையில் தற்செயலாகக் குழாய் விளைவது வேறு, அதை அறிந்து அடுக்குவது வேறு. கீழடிக் குயவரின் பூச்சு அத்தனை நூற்றாண்டு நிலைத்தது என்பதே போதிய பெருமை. இல்லாத அறிவை அவர்மேல் ஏற்றினால், இருந்த திறமை மறைந்துபோகும்.

இன்னொரு செய்தி, உழைப்பவர்களைப் பற்றியது. 2008இல் எடின்பரோ ஆய்வாளர்கள் சுண்டெலிகளின் வயிற்றறையில் கரிக்குழாய்களைச் செலுத்திப் பார்த்தனர். நீண்டு நேராக இருந்தவை, கல்நார் இழை உண்டாக்குவது போன்ற அழற்சியை உண்டாக்கின. குட்டையாகச் சுருண்டு சிக்கலாகக் கிடந்தவை அவ்வாறு செய்யவில்லை. உடலின் துப்புரவு அணுக்கள் சிக்கலை விழுங்கிவிடும். நீண்ட ஈட்டியை விழுங்க முடியாது. வலிமைக்காக வேண்டப்படும் நீளமும் நேர்மையுமே இங்கே தீங்காகின்றன. 2014இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, ஒரு குறிப்பிட்ட வகைப் பல்சுவர்க் குழாயை மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது. ஏனைய வகைகளை வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்றது. சக்கரத்துக் கரித்தூளும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. பிசினுக்குள் புதைந்துவிட்ட குழாய் ஓடித்திரிவதில்லை. தூளாகக் கொட்டிக் கலக்கும்போதும், இறுகிய பலகையை அறுத்து இழைக்கும்போதும்தான் அது காற்றில் ஏறும். அந்த இடங்களில் நிற்பவர் ஆலைத் தொழிலாளி. அவர் பிள்ளைகளும் நம் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள்.